மலையடிவாரம் வரை சைக்கிளை எதில் ஏற்றுவது?

கோத்தகிரிச் சாலையில் சைக்கிள் ஓட்டும் ஆசையோடு சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள், பாதையின் ஏற்ற இறக்கங்களைத் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். மேட்டுப்பாளையம் வரை சைக்கிளை எதில் கொண்டுபோவது என்பதை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுகிறார்கள். நம் கண்ணுக்கு மறைவாக எத்தனை பேர் அதைத் தூக்கி இறக்குவார்கள் என்பதை வைத்தே நான் வழியை முடிவு செய்கிறேன்.

சாதாரண இரும்புச் சைக்கிள் என்றால், தயங்காமல் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற்றலாம் என்பேன். சென்ட்ரலில் இரவு புறப்படும் அந்த வண்டி மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடுவதால், வழியில் ஓரிரு நிமிடம் மட்டுமே நிற்கும் நிலையங்களில் நடப்பதுபோல, அவசரத்தில் இழுத்துப் போடவேண்டிய நிலை அங்கே இல்லை. பயணச்சீட்டைக் காட்டி, பார்சல் ஆபீஸில் லக்கேஜாகப் பதிவு செய்வது முக்கியம். வெறும் பார்சலாகப் பதிந்தால் அது வேறு வண்டியில், வேறு நாளில்கூட வந்து சேரலாம். பயணிக்குரிய இலவச எடைச் சலுகை சைக்கிளுக்குக் கிடையாது என்பதால் தனிக் கட்டணம் கட்டவேண்டும். சைக்கிளில் கட்டும் அட்டையில் சேரும் ஊரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

கியரும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கும் உள்ள சைக்கிளை லக்கேஜ் வேனில் மூட்டைகளுக்கு நடுவே விட எனக்கு மனம் வராது. அதைக் கழற்றிப் பையில் வைத்து, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, ஆம்னி பஸ்ஸின் டிக்கியில் நானே கிடத்துவேன். கியர்ப் பக்கம் மேலே இருக்கவேண்டும். பெடல்களைக் கழற்றும்போது, இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் சுழலும் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். சக்கரத்தைக் கழற்றியவுடன் பிரேக் பேடுகளுக்கு நடுவே மடித்த அட்டைத்துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். சக்கரம் இல்லாத நேரத்தில் லீவர் தவறி அழுந்தினால் பேடுகள் நெருங்கிக்கொண்டு, பிறகு டிஸ்க்கை உள்ளே நுழையவிடாது. மலையடிவாரத்தில் அதிகாலையில் அதைப் பிரித்துச் சரிசெய்ய மெக்கானிக்கைத் தேடுவது எளிதல்ல. முன்ஃபோர்க்கின் இரு கால்களுக்கு இடையே அளவாக வெட்டிய பிவிசி குழாய்த்துண்டை நிறுத்தினால், பக்கவாட்டில் அழுத்தம் வந்தாலும் ஃபோர்க் வளையாது.

கோவைக்கு விமானத்தில் போகிறவர்கள் கெட்டியான பெட்டிக்கும் சேர்த்துச் செலவிடவேண்டும். மின்சைக்கிளுக்கு அந்த வழியே இல்லை எனலாம். 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் உடன் எடுத்துச் செல்லமுடியாது, பெரும்பாலான மின்சைக்கிள்களின் பேட்டரி அதைவிடப் பெரியது.

எதில் கொண்டுபோனாலும், மேட்டுப்பாளையத்தில் இறக்கியதும் சமதளத்தில் சிறிது தூரம் ஓட்டி, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பார்த்த பிறகே மலையேறத் தொடங்குங்கள்.