மலை இறங்குமுன் கட்ட வேண்டிய மூட்டை

கட்டிடக் கலை படித்துவிட்டு நம் மலையகத்திலிருந்து வெளிநாடு போக, வேலைவாய்ப்பு இணையத்தளங்களில் 'ஆர்கிடெக்ட்' (கட்டிடக் கலைஞர்) என்று தட்டித் தேடுகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் அப்படியே வீணாகப் போய்விடும். பிரித்தானியாவில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏ.ஆர்.பி. என்ற கட்டிடக் கலைஞர் பதிவுச் சபையின் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் தொழிலில் தன்னை ஆர்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவுஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம், கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் இதே கதை. மொரட்டுவையில் ஐந்து வருடம் படித்து, கண்டியில் பத்துக் கட்டிடம் எழுப்பியவரும் லண்டனில் இறங்கினால் சட்டத்தின் கண்ணுக்கு உதவியாளர்தான். மனம் நோக வேண்டாம், தேடுகிற சொல்லை மாற்றுங்கள். பிரித்தானியாவுக்கு 'பார்ட் டூ ஆர்கிடெக்சரல் அசிஸ்டன்ட்' (படிப்பின் இரண்டாம் கட்டத்தை முடித்த உதவியாளர்), 'டெக்னோலஜிஸ்ட்'. அவுஸ்திரேலியாவுக்கு 'கிராஜுவேட் ஆஃப் ஆர்கிடெக்சர்'. கனடாவில் 'இன்டர்ன் ஆர்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்வதற்கே முதலில் மாகாணச் சங்கத்தில் சேர வேண்டும்.

பதிவு பிறகு வரும். கனடாவில் 3,720 மணித்தியாலம், அமெரிக்காவின் ஏ.எக்ஸ்.பி. என்ற அனுபவத் திட்டத்தில் 3,740, அவுஸ்திரேலியாவில் 3,300 என்று வேலை அனுபவத்தைப் பதிந்து காட்டி, பரீட்சையும் எழுத வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டே நடக்கிற நடை அது. ஆனால் அதற்குத் தேவையான காகிதங்களில் பாதி இங்கேதான் கிடைக்கும். அங்கே போனபின் ஹட்டனில் இருக்கிற அண்ணனைக் கொழும்புக்கு அலைய விடுவதைப் போல வீண் செலவு வேறில்லை.

மலையகப் பிள்ளைகளுக்குப் பட்டத்தைவிடப் பெரிய தொல்லை பெயர். தோட்டத்தில் பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழ் பலமுறை சிங்களத்தில் இருக்கும். பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர். அடையாள அட்டையில் ஒரு எழுத்து மாறும். பட்டச் சான்றிதழில் 'பி. செல்வகுமார்', கடவுச்சீட்டில் 'பெரியசாமி செல்வகுமார்'. நமக்கு இரண்டும் ஒரே ஆள். வெளிநாட்டு மதிப்பீட்டுச் சபைக்கு இரண்டு ஆள், கோப்பு அங்கேயே நிற்கும். முதலெழுத்து மட்டும் இருந்தால், முழுப் பெயரோடு ஒரு கடிதம் தரும்படி பல்கலைக்கழகப் பதிவாளரிடம் கேளுங்கள். எழுத்து வேறுபாட்டுக்கு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடியுங்கள். பிறப்புச் சான்றிதழை சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கி, முத்திரையோடு மூன்று பிரதி வாங்குங்கள். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே எது குடும்பப் பெயர்க் கட்டத்தில் விழப்போகிறது என்று தீர்மானித்துவிடுங்கள். அப்பாவின் பெயர் அந்தக் கட்டத்தில் விழுந்தால் வெளிநாட்டில் எல்லாரும் உங்களை அப்பா பெயரால்தான் கூப்பிடுவார்கள், வங்கிக் கணக்கும் அப்படியே. அதில் தவறில்லை. ஆனால் எல்லாக் காகிதத்திலும் அதே ஒழுங்கு இருக்க வேண்டும்.

அடுத்து பாடத்திட்டம். வெளிநாட்டுப் பட்டத்தை எடைபோடுகிற கனடாவின் சி.ஏ.சி.பி. சபையும் அமெரிக்காவின் என்.ஏ.ஏ.பி. சபையின் மதிப்பீடும் பெறுபேற்றுத் தாளோடு நிற்பதில்லை. நீங்கள் படித்த ஒவ்வொரு பாடத்தின் விவரத்தையும் கேட்கும். நீங்கள் படித்த ஆண்டுகளின் கையேடுதான் வேண்டும், இன்றைய கையேடு உதவாது. பிரித்தானியாவை நோக்குகிறவர்கள் அடிக்கடி விழுகிற குழி ஒன்று உண்டு. 'எங்கள் பாடநெறிக்கு ரீபா அங்கீகாரம் இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ரீபா பிரித்தானியக் கட்டிடக் கலைஞர்களின் தொழில்சார் நிறுவனம், ஏ.ஆர்.பி.தான் பதிவுச் சபை. ரீபா ஏற்ற வெளிநாட்டுப் பட்டம் ஏ.ஆர்.பி. பதிவேட்டுக்குத் தானாக வழி விடாது.

வேலை செய்த கந்தோரிலிருந்து கடிதம் வாங்கும்போது 'நல்ல பிள்ளை, திறமைசாலி' என்ற வரியை விட்டுவிடச் சொல்லுங்கள். தொடங்கிய திகதி, முடிந்த திகதி, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், எந்தெந்தக் கட்டத்தில் என்ன செய்தீர்கள், மேற்பார்த்த கட்டிடக் கலைஞரின் பெயரும் பதிவு இலக்கமும். இவ்வளவும் தலைப்புத் தாளில் இருக்க வேண்டும். கண்டியிலும் நுவரெலியாவிலும் இரண்டு மூன்று பேரோடு நடக்கிற சிறு கந்தோர்கள் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிடும். சேமலாப நிதி கட்டியிருந்தால் அந்தக் கணக்குக் கூற்று பிறகு வலுவான சாட்சி. கட்டாத இடத்தில் வேலை செய்கிறவர் மாதச் சம்பளச் சிட்டையையாவது கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

இனி போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. இங்கேதான் மலைநாட்டுக்காரருக்குக் கையில் உள்ள சரக்கின் மதிப்பு தெரிவதில்லை. சூரியன் மறைகிற கடற்கரை விடுதியின் பளபளப்பான முப்பரிமாணப் படத்தை முன்பக்கத்தில் போடுகிறார்கள். அப்படிப்பட்ட படம் எல்லாரிடமும் உண்டு. பதுளைச் சரிவில் ஏழு பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீட்டை நிறுத்திய வெட்டுமுக வரைபடம் எல்லாரிடமும் இல்லை. வெட்டிய மண் எங்கே போனது, தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் எப்படி வடிகிறது, வடிதுளைகள் எவ்வளவு இடைவெளியில், மேல்கான் எங்கே என்று 1:20 அளவில் காட்டுங்கள். 2014இல் மீரியபெத்தைத் தோட்டக் குடியிருப்பை மண்சரிவு புதைத்ததை அறிந்தவர்களுக்கு, மண்சரிவு அபாயப் பகுதியில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. வெளிநாட்டு நேர்முகத்தில் அதை விளக்குங்கள். அறிக்கை சொன்னதன்படி வரைபடத்தில் எதை மாற்றினீர்கள் என்று சொன்னால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அளவு: பதினைந்து முதல் இருபது பக்கம், பி.டி.எஃப். கோப்பு பத்து எம்.பி.க்குள். அடி, அங்குலம் வேண்டாம், எல்லாம் மில்லிமீட்டரில். அமெரிக்காவுக்கு மட்டும் அடி, அங்குலத்தில் ஒரு பிரதி. குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி எழுதுங்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் போகிற நாட்டுக்காகப் புதிதாக வரையுங்கள். இங்கே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒரே கட்டாக நிற்கும். இங்கிலாந்தில் வெளியே 102.5 மில்லிமீட்டர் செங்கல், நடுவே இடைவெளியும் வெப்பக் காப்பும், உள்ளே 100 மில்லிமீட்டர் புளொக். ஈரத்தடுப்புப் படை நிலத்துக்கு மேல் குறைந்தது 150 மில்லிமீட்டர். நீங்கள் கட்டிய ஒரு வீட்டின் சுவரையே அந்த முறையில் வரைந்து பாருங்கள். வெப்பக் காப்பு நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். நுவரெலியா வீடுகளில் அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறதே, குளிர்ந்த சுவரில் உள்வீட்டு ஈரக்காற்று பட்டு நீராக மாறுவதால் வருவது அது. அங்குள்ள கந்தோர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிற அதே பிரச்சினைதான். ஒரு கட்டிட வேலையைப் படிப்படியாகப் பிரிக்கிற ரீபா வேலைத்திட்டத்தின் 0 முதல் 7 வரையான கட்டங்களையும் படித்துக்கொள்ளுங்கள். நான்காம் கட்டமான தொழில்நுட்ப வரைபு வேலைக்குத்தான் அதிகம் கை தேவைப்படும். கட்டிடத்தை முப்பரிமாண மாதிரியாக உருவாக்குகிற ரெவிட் மென்பொருள் தெரியாமல் ஆட்டோகேட் மட்டும் என்றால் அங்கே கதவு பாதிதான் திறக்கும்.

சுயவிவரம் இரண்டு பக்கம் போதும். புகைப்படம், மதம், திருமண நிலை, அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் ஐ.ஈ.எல்.டி.எஸ். அவசரப்பட்டு எழுத வேண்டாம். பிரித்தானியாவில் விசா அனுசரணை வழங்க உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசாங்கமே வெளியிடுகிறது. அதில் இல்லாத கந்தோருக்கு ஐம்பது மின்னஞ்சல் அனுப்புவது வீண்.

வளைகுடாவில் கணக்கு வேறு. அங்கே பட்டச் சான்றிதழின் முத்திரைச் சங்கிலிதான் முக்கியம்: நம் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு, பிறகு அந்த நாட்டின் தூதரகம், பிறகு அங்குள்ள வெளிவிவகார அமைச்சு. சவூதிக்குப் பொறியியலாளர் சபைப் பதிவும் வேண்டும். ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் என்று கணக்கிடும் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். அடிப்படையைக் குறைத்துப் படிகளைக் கூட்டிக் காட்டுவது பழைய தந்திரம். விசிட் விசாவில் வா, பிறகு மாற்றித் தருகிறோம் என்கிற முகவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முகவரின் உரிமம் செல்லுபடியாகிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பார்த்து, உங்கள் பெயரையும் அங்கே பதிந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள்.