ரோமில் ரயிலேறிக் கப்பலைப் பிடித்த கதை

கப்பல் விளம்பரங்களில் 'ரோமிலிருந்து புறப்பாடு' என்றுதான் போட்டிருக்கும். அதை நம்பி ரோமில் கப்பலைத் தேடாதீர்கள். அது நிற்பது சிவிடாவெக்கியா என்ற ஊரில், ரயில் பாதையில் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி. இது எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும், 3.30 மணிக்கு மூடுகிற செக்-இன் கவுன்டரில் 3.20க்கு நின்றுகொண்டிருந்தோம். வந்து இரண்டு வாரம் ஆகிறது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான், என் கணவர், அத்தை என மூன்று பேர். அத்தைக்கு 71 வயது, வலது முழங்கால் தகராறு. பெரிய பெட்டி மூன்று. கிரேக்கத் தீவுகள், துருக்கியில் குசாதாசி, பிறகு மறுபடி அதே துறைமுகம் என்று ஒரு வாரப் பயணம். டாக்ஸி என்றால் நூறு யூரோவைத் தாண்டிவிடும், ரயிலில் ஆளுக்கு 5 யூரோவை ஒட்டித்தான். ரயிலில் போகலாம் என்று சொன்னது நான். அன்று முழுக்க அதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தாலே பரவாயில்லை.

கப்பல் மாலை 5 மணிக்கு. எங்களுக்குக் கொடுத்த செக்-இன் நேரம் 12.30 முதல் 1 மணி வரை. முந்தின இரவே ரோமுக்கு வந்து, டெர்மினி ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டோம். அந்த ஒரு விஷயத்தைத்தான் ஒழுங்காகச் செய்தோம். அன்று காலை விமானத்தில் இறங்கி நேராகப் போகலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. அப்படிச் செய்திருந்தால் இதை எழுத மாட்டேன், அழுதுகொண்டிருப்பேன்.

காலை 10.30க்கு டெர்மினி. டிக்கெட் மெஷினில் ஆங்கிலம் இருக்கிறது, சுலபம். மெஷினே பிக்பாக்கெட் ஜாக்கிரதை என்று குரல் கொடுக்கும். அது சொல்லி முடிப்பதற்குள் ஓர் இளைஞர் வந்து, கேட்காமலேயே திரையைத் தட்ட ஆரம்பித்தார். கணவர் "வேண்டாம், வேண்டாம்" என்று மெஷினை மறைத்துக்கொண்டு நின்றார். உதவிக்கு வருபவர் பார்ப்பது திரையை மட்டும் அல்ல, நீங்கள் பர்ஸை எந்தப் பையில் வைக்கிறீர்கள் என்பதையும்தான். டிக்கெட்டை முந்தின நாளே ஃபோனில் வாங்கியிருந்தால் இந்தப் பத்து நிமிடம் மிச்சம்.

அப்புறம் அந்தப் பெரிய பலகை. மூன்று பேரும் அண்ணாந்து 'சிவிடாவெக்கியா' என்ற பெயரைத் தேடினோம். இல்லை. நேப்பிள்ஸ் இருக்கிறது, ஃப்ளாரன்ஸ் இருக்கிறது, மிலான் இருக்கிறது, எங்கள் ஊர் மட்டும் இல்லை. கால் மணி நேரம் கழித்து கணவர் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளைக் கண்டுபிடித்தார். எல்லா ஸ்டேஷனிலும் புறப்படும் ரயில்களின் பட்டியல் மஞ்சள் தாளில் இருக்கும், வந்துசேரும் ரயில்கள் வெள்ளைத் தாளில். மஞ்சளில் ஒவ்வொரு ரயிலுக்கும் வழியில் நிற்கும் ஊர்கள் பொடி எழுத்தில் வரிசையாக இருந்தன. அங்கேதான் விஷயம் புரிந்தது. பலகையில் வருவது ரயில் கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயர் மட்டுமே. எங்களுக்கு வேண்டிய ரயில் 'பீசா சென்ட்ராலே' என்ற பெயரில் ஓடுகிறது. சாய்ந்த கோபுரம் இருக்கிற அதே பீசா. சிவிடாவெக்கியா அதற்கு நடுவழி. வேறு சில ரயில்கள் 'கிரொசெட்டோ' என்று வரும், அவையும் அந்தப் பக்கம்தான் போகின்றன. புரிந்து நிமிர்ந்தபோது பீசா ரயில் பலகையிலிருந்தே மறைந்துவிட்டது.

"நம்ம ஊர்ல மட்டும் வழியில இருக்கற எல்லா ஊரையுமா போர்டுல போடறாங்க?" என்றார் அத்தை. சரிதான்.

அடுத்த ரயிலுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். அடுத்த பாடம் பிளாட்பாரம். இத்தாலியில் அதற்குப் பெயர் 'பினாரியோ'. அந்த எண் ரயில் கிளம்பப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் ஏறும். எங்களுக்கு வந்தது 28. டெர்மினியில் 24ஐப் பார்த்துவிட்டு, இன்னும் நாலு பிளாட்பாரம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். 25க்கு மேற்பட்டவை அந்த வரிசையிலேயே இல்லை. 24ஆம் பிளாட்பாரத்தின் ஓரமாகவே நடந்து நடந்து, அது முடிகிற இடத்தில் ஆரம்பிக்கின்றன. வெறுங்கையோடு போனாலே ஏழெட்டு நிமிடம். அத்தையின் முழங்காலோடும் மூன்று பெட்டிகளோடும் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சிவிடாவெக்கியா பக்கம் போகிற ரயில்கள் பெரும்பாலும் அந்தக் கோடியிலிருந்துதான் கிளம்புகின்றன. அதனால் எண் வரும்வரை பலகைக்குக் கீழே காத்திருக்காமல், முன்கூட்டியே அந்தப் பக்கம் போய்விடுங்கள். அங்கேயும் பலகை உண்டு.

ரயிலின் படியில் அத்தையை ஏற்றிவிட்டு நான் ஏறிய பிறகுதான் கணவர், "டிக்கெட்ல முத்திரை அடிக்கலையே!" என்றார். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன மெஷினில் நுழைத்து நேரம் பதிய வேண்டும். பதியாத டிக்கெட்டும் டிக்கெட் இல்லாததும் பரிசோதகருக்கு ஒன்றுதான், அபராதம் டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு. ஃபோனில் வாங்கினால் மெஷின் தேவையில்லை, ஆனால் அதிலும் ஏறுமுன் செக்-இன் என்று ஒரு பொத்தானை அழுத்தியாக வேண்டும். அழுத்தாவிட்டால் அதே கதி. கணவர் இறங்கி ஓடினார். கதவு மூடும் சத்தம் கேட்டதும் நான் ஒரு காலைக் கதவில் வைத்துக்கொண்டு நின்றேன். இது நல்ல யோசனை இல்லை, யாரும் செய்ய வேண்டாம். அவர் ஏறினார். கதவு மூடியது. அவர் கையில் மூன்று டிக்கெட், மூன்றிலும் முத்திரை. அன்றைய முதல் வெற்றி.

ரயிலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நேரத்துக்குப் போனது. மாடி வைத்த பெட்டி, சாமான் இருந்தால் கதவுப் பக்கமே நின்றுகொள்வது நல்லது. போகும் திசையில் இடப்பக்கம் உட்கார்ந்தால் சாந்தா செவெரா என்ற ஊருக்குப் பிறகு கடல் தெரியும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

சிவிடாவெக்கியாவில் இறங்கும்போது 1.25. செக்-இன் நேரம் தாண்டிவிட்டாலும், கவுன்டர் மூட இன்னும் இரண்டு மணி நேரம். நிம்மதியாகத்தான் இருந்தோம். சுரங்கப் படியில் பெட்டிகளை இறக்கி ஏற்றி வெளியே வந்தால், துறைமுகத்துக்குப் போகிற பஸ் அப்போதுதான் நகர்ந்தது. அடுத்த பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்க ஸ்டேஷன் கடையில் நீண்ட வரிசை. அன்று துறைமுகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள், எல்லோரும் எங்கள் ரயிலில்தான் வந்திருக்கிறார்கள்.

அங்கேதான் நான் பெரிய தப்பைச் செய்தேன். "பத்து நிமிஷ நடைதான், நான் படிச்சிருக்கேன்" என்றேன்.

படித்தது உண்மைதான். ஸ்டேஷனிலிருந்து வலப்பக்கம் திரும்பி, கடலோரச் சாலையில் நேராக நடந்தால் மைக்கேலாஞ்சலோ கோட்டை, அதன் பக்கத்தில் துறைமுக வாசல், உள்ளே இலவசப் பேருந்து என்று யாரோ எழுதிய குறிப்பை அச்சடித்தே வைத்திருந்தேன். கோட்டை இருந்தது. வாசலும் இருந்தது. பேருந்து இல்லை. வாசலில் நின்ற காவலர் என் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கையை வடக்கே நீட்டி 'லார்கோ தெல்லா பாச்சே' என்றார். நான் மறுபடி கேட்டேன். அவர் மறுபடியும் அதையேதான் சொன்னார், இந்த முறை கொஞ்சம் மெதுவாக. எந்த வருடத்துக் குறிப்பு என்று நான் பார்க்கவே இல்லை. இலவசப் பேருந்துகள் இப்போது கிளம்புவது லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்திலிருந்து. ஸ்டேஷன் பஸ்ஸும் அங்கேதான் போகும். கோட்டையிலிருந்து அது இன்னொரு கால் மணி நேர நடை. எங்களுக்கு அரை மணிக்கு மேல் ஆனது.

அந்தக் கோட்டையை 1508இல் பிரமாந்தே என்ற கட்டடக் கலைஞர் கட்டத் தொடங்கி, நடுக் கோபுரத்தின் மேல்பகுதியை மைக்கேலாஞ்சலோ முடித்ததாகச் சொல்வார்கள். மற்ற நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். அன்று அதன் நிழலில் அத்தையை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன், அவ்வளவுதான். நடைபாதையின் ஓரக் கல்லில் மோதி என் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று ஓடியது. கணவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தைதான், "விடும்மா, நடந்தா முட்டிக்கு நல்லதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார்" என்றார். டாக்டர் சொன்னது வீட்டு மாடியில் பத்து நிமிடம்.

லார்கோ தெல்லா பாச்சேயில் ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனிப் பேருந்து. முகப்பில் கப்பலின் பெயர் இருக்கும், பார்த்து ஏறுங்கள். எங்களுக்கு முன்னால் ஏறிய ஒரு குடும்பம் பெட்டி எல்லாம் ஏற்றிய பிறகு இறங்கிப்போனதைப் பார்த்தோம். எங்களைத் தவிரவும் மனிதர்கள் தவறு செய்கிறார்கள் என்பதில் ஓர் அற்ப சந்தோஷம்.

டெர்மினலில் நுழைந்தபோது 2.55. பெட்டிகளை வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்கள், அறைக்கு மாலையில்தான் வரும். பாஸ்போர்ட், மாத்திரை, மாற்று உடை ஒன்று எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். அத்தையின் ரத்த அழுத்த மாத்திரை பெரிய பெட்டியில் இருந்தது. சுமை தூக்குபவர் பட்டையை இறுக்கப் போகும் கடைசி நொடியில் எடுத்தோம்.

பிறகு கவுன்டர். என் பாஸ்போர்ட்டும் கணவருடையதும் இரண்டு நிமிடத்தில் முடிந்தன. விசாவில் 'மல்ட்', அதாவது பலமுறை நுழையலாம், என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். குசாதாசிக்குப் போனால் ஷெங்கன் எல்லையை, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளை, விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறோம், ஒருமுறை நுழையும் விசா செல்லாது. இந்த வழியில் போகிறவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே கப்பலின் முழுப் பயணத்திட்டத்தையும் இணைத்துப் பலமுறை நுழையும் விசா கேளுங்கள்.

அத்தையின் பாஸ்போர்ட்டை வைத்ததும் அந்தப் பெண் நிறுத்திவிட்டார். "இந்தப் பெயரில் பயணி இல்லை."

நம்மில் பலருக்கு இருக்கிற அதே தொல்லைதான். அத்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. சொந்தப் பெயரும் அவர் அப்பாவின் பெயரும் சேர்ந்து ஒரே கட்டத்தில் இருக்கின்றன. முன்பதிவுப் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. எங்கள் ஏஜென்ட் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக வெட்டிப் போட்டிருந்தார். பாஸ்போர்ட்டை மெஷினில் தேய்த்தால், அடியில் இருக்கும் இரண்டு வரிகளில் முழுப் பெயருமே குடும்பப் பெயராக வருகிறது. இரண்டும் பொருந்தவில்லை. மேலாளர் வர வேண்டும் என்றார், மேலாளர் வேறெங்கோ இருந்தார். 3.20. அத்தை மட்டும் பதற்றமே இல்லாமல் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கைகொடுத்தது அத்தையின் ஃபைல். அதில் முன்பதிவுத் தாள், விசா நகல், எங்கள் திருமணப் பதிவுச் சான்று, ஏன் என்று தெரியாமல் அவருடைய பள்ளிச் சான்றிதழ் கூட இருந்தது. நான் வீட்டில் "இதெல்லாம் எதுக்கு அத்தை" என்று கேலி செய்த ஃபைல். முன்பதிவுத் தாளில் இருந்த பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் ஒத்துப்போனதும், பெயரை விட்டுவிட்டு எண்ணை வைத்துத் தேடினார்கள். அறை எண்ணோடு வந்துவிட்டது. 3.27க்கு அத்தையின் கையில் அட்டை. உங்கள் பாஸ்போர்ட்டும் இப்படித்தான் என்றால் முன்பதிவுத் தாளை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள், ஃபோனில் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். முடிந்தால் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று கப்பல்காரர்களிடமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, எங்களுக்கு நேரவில்லை, ஆனால் நேர்ந்திருக்கலாம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் சகஜம், முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். 'ஷோப்பெரோ' என்ற சொல்லைக் கண்டால் உஷாராகுங்கள். வேலைநாளாக இருந்தால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில் சேவை உண்டு. அந்த நாளில் கப்பல் என்றால் காலை ரயிலில் போய் அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வழி. பலகையில் 'சொப்ரெஸ்ஸோ' என்று வந்தால் அந்த ரயில் ரத்து.

கப்பலில் ஒரு குறையும் இல்லை. சக்கரம் போன பெட்டி மாலை 7 மணிக்கு அறை வாசலில் சாய்ந்து நின்றது.

திரும்பும்போது எல்லாம் தெரிந்தவர்களாக இருந்தோம். டிக்கெட் ஃபோனில், செக்-இன் அழுத்தியாகிவிட்டது, ஸ்டேஷனுக்கு பஸ். சிவிடாவெக்கியா பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒரு ரயில் வந்தது, பலகையில் 'பீசா சென்ட்ராலே'. பழக்கப்பட்ட பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் நான் பெட்டியைத் தூக்கிவிட்டேன். அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அது போறப்ப ஏற வேண்டிய வண்டிம்மா. இப்ப ஏறினா சாய்ஞ்ச கோபுரத்துக்குத்தான் போவோம்."