லீவர் எஸ்பிரெசோ: மூன்றாவது கப் கசக்காமல் இருக்க

லீவர் மெஷின், அதாவது கைப்பிடியை இழுத்து எஸ்பிரெசோ இறக்கும் மெஷின், வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. முதல் ஷாட் (ஒருமுறை இறக்கும் காபி) அருமையாக வரும், இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதில் தீய்ந்த வாடையும் கசப்பும் ஏறிவிடும். தூள் அதே தூள், அரைப்பு அதே அரைப்பு, கையழுத்தமும் மாறவில்லை. மாறுவது குரூப் ஹெட்டின், அதாவது தண்ணீர் தூளுக்குள் இறங்கும் பித்தளைத் தலைப்பகுதியின், சூடுதான். அந்தச் சூட்டை அடக்க என்னென்ன செய்து பார்த்தேன், எது பலித்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

என்னுடையது சிறிய டைரக்ட் லீவர். ஸ்பிரிங் கிடையாது, அழுத்தம் முழுக்கக் கைதான். 1961இல் வந்த லா பவோனி யூரோபிக்கோலா என்ற இத்தாலிய மெஷினின் வழியில் அமைந்தது என்றால் பலருக்கும் உடனே பிடிபடும். ஒரே பாய்லர், நீராவிக்கும் அதுவே, காபிக்கும் அதுவே. குரூப் அந்தப் பாய்லரோடு நேராகத் திருகப்பட்டிருக்கும். அழுத்தம் காட்டும் கேஜ் 0.8 பார் காட்டும்போது உள்ளே தண்ணீரின் சூடு சுமார் 117 டிகிரி. காபிக்கு வேண்டியதோ 90க்கும் 95க்கும் நடுவில். மிச்சமிருக்கும் இருபது சொச்சம் டிகிரியை இறக்குவது குரூப்பின் பித்தளை. லீவரைத் தூக்கியதும் தண்ணீர் உள்ளே பாய்ந்து, தன் சூட்டைப் பித்தளைக்குக் கொடுத்த பிறகுதான் தூளைத் தொடுகிறது. அதனால் சூட்டை வாங்கிக்கொள்ள குரூப்பில் இடம் இருக்க வேண்டும். இடம் தீர்ந்துவிட்டால் காபி கெட்டது.

எவ்வளவு இடம் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஷாட்டுக்கான 50 கிராம் தண்ணீர் 117இலிருந்து 93க்கு இறங்கும்போது ஏறக்குறைய 5,000 ஜூல் வெளியேறுகிறது. ஒரு கிலோ பித்தளையை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 380 ஜூல் போதும். குரூப்பை ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஷாட்டும் அதைப் 13 டிகிரி வரை ஏற்றிவிடும். போர்ட்டாஃபில்டரும் (தூளைப் போட்டு குரூப்பில் மாட்டும் கைப்பிடி வடிகட்டி) சுற்றியிருக்கும் காற்றும் அதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும், சரி. ஆனால் பாய்லரிலிருந்தும் சூடு ஓயாமல் குரூப்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறதே. சும்மா ஆன் செய்து வைத்திருந்தாலே குரூப் மெல்ல மெல்ல ஏறும். மூன்றாவது கப்பின் கசப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதல் வேலையாக குரூப்பின் பக்கவாட்டில் நிறம் மாறும் வெப்பப் பட்டை ஒன்றை ஒட்டினேன். இந்த மெஷினுக்கு இதைவிடப் பயனுள்ள பொருள் எதையும் நான் வாங்கியதில்லை. அது காட்டுவது வெளி உலோகத்தின் சூடு, தண்ணீரின் சூடு அல்ல. அதனால் அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஆனால் எந்த எண்ணில் லீவரைத் தூக்கினால் என்ன ருசி வருகிறது என்று குறித்து வைத்தால், அடுத்த முறை அதே இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம். என் மெஷினில் நடுத்தர வறுவலுக்கு 80–85 நன்றாக இருக்கிறது. கருவறுவலுக்கு 75 அருகில் தொடங்கினால் கசப்பு அடங்குகிறது. இளவறுவலுக்கு 88 வரை போனால்தான் புளிப்பு தணிந்து இனிப்பு எட்டிப் பார்க்கிறது. இதே மாதிரி இன்னொரு மெஷினில்கூட இந்த எண்கள் வேறாக இருக்கலாம்.

பட்டை 95ஐத் தாண்டினால் அதைப் பார்க்கவே வேண்டாம், கைக்கே தெரியும். லீவரைத் தூக்கும்போது உள்ளே களகளவென்று சத்தம் வரும். தண்ணீரோடு நீராவியும் சேர்ந்து குரூப்பின் உள்ளறைக்குள் வந்துவிடுகிறது. லீவரைக் கீழே இழுத்தால் முதல் சில சென்டிமீட்டர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் பஞ்சு போல அமுங்கும். நீராவி நசுங்குகிறது, தண்ணீர் நசுங்காது, அதுதான் வித்தியாசம். அப்புறம் திடீரென்று எதிர்ப்பு வரும். அதற்குள் தூள் படுகை அங்கங்கே பிளந்திருக்கும். அந்தப் பஞ்சு உணர்வு வந்தால் அந்த ஷாட்டை நான் குடிக்கக் கொடுப்பதில்லை.

இனி ஆற வைத்த முறைகள். ஷாட்டுக்கு ஷாட் மெஷினை அணைத்துப் பார்த்தேன். பாய்லரில் இருக்கும் தண்ணீர் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் குரூப் ஆமை வேகத்தில்தான் இறங்குகிறது. ஆனாலும் இதில் ஒரு லாபம் உண்டு. அழுத்தம் 0.8இலிருந்து 0.6க்கு வரும்வரை காத்திருந்தால் பாய்லர் தண்ணீரே 113 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். கருவறுவல் போடும்போது இப்போதும் அப்படித்தான் செய்கிறேன். சிறிய மின்விசிறியைக் குரூப்பை நோக்கி வைத்ததில் சொல்லும்படியாக எதுவும் நடக்கவில்லை.

ஈரத்துணி நன்றாக வேலை செய்தது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2,260 ஜூல் வேண்டும். அப்படியானால் இரண்டு கிராமுக்குச் சற்று அதிகமாக ஆவியானாலே ஒரு ஷாட் ஏற்றிய சூடு முழுக்கப் போய்விடும். துணியைப் பிழிந்து குரூப்பைச் சுற்றி அரை நிமிடம் வைத்தால் போதும், உஸ்ஸென்று ஆவி கிளம்பும், பட்டையின் எண் சரசரவென்று இறங்கும். ஆனால் அந்த இறக்கம் மேல்தோலில்தான். துணியை எடுத்த பின் உள்சூடு வெளியே வந்து எண் மறுபடி கொஞ்சம் ஏறும். ஒரு நிமிடம் பொறுத்திருந்து பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். துணி சொட்டச் சொட்ட இருக்கக்கூடாது, கீழே மின்சார இணைப்பு இருக்கிறது. கை சுடாத அளவுக்குத் துணி தடிமனாகவும் இருக்க வேண்டும்.

கடைசியில் எனக்கு நிலைத்தது குளிர்ந்த போர்ட்டாஃபில்டர். ஷாட் முடிந்து, சக்கையைத் தட்டிவிட்டு, போர்ட்டாஃபில்டரைக் குளிர்ந்த தண்ணீரில் நன்றாக ஆற வைத்து, துடைத்து, காலியாகவே குரூப்பில் மாட்டிவிடுகிறேன். லீவரைத் தொடுவதில்லை. கணக்குப்படி 400 கிராம் பித்தளை 25 டிகிரியிலும் ஒரு கிலோ குரூப் 95 டிகிரியிலும் சேர்ந்தால் இரண்டும் 75இல் சமமாக வேண்டும். நடைமுறையில் அவ்வளவு இறங்காது. இடையில் இருக்கும் ரப்பர் கேஸ்கட் சூட்டைத் தடுக்கிறது, பித்தளையும் பித்தளையும் தொடுவது பெரும்பாலும் மாட்டும் காதுகளில் மட்டுமே, பாய்லரும் விடாமல் சூட்டை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த முறையில் இறங்கிய சூடு துணி முறையைப் போல மறுபடி ஏறி ஏமாற்றுவதில்லை. போதாவிட்டால் கழற்றி இன்னொரு முறை முக்கிவிடலாம். இன்னொரு வசதி, சூட்டை வாங்கிக்கொண்ட போர்ட்டாஃபில்டர் அடுத்த ஷாட்டுக்கு அளவான வெதுவெதுப்போடு தயாராக இருக்கும். அதில் அப்படியே தூளைப் போடலாம்.

இதில் ஒரு எச்சரிக்கை. ஷாட் முடிந்த கையோடு போர்ட்டாஃபில்டரைத் திருகக்கூடாது. லீவர் தள்ளும் பிஸ்டனுக்கும் தூளுக்கும் நடுவே அழுத்தம் மிச்சம் இருக்கும். அவசரப்பட்டால் கொதிக்கும் சக்கை முகத்தில் தெறிக்கும். கொஞ்சம் பொறுத்து, மெதுவாகத் திருகி, காற்று வெளியேறும் சத்தம் அடங்கிய பிறகே கழற்ற வேண்டும்.

முதல் ஷாட்டுக்கு நிலைமை தலைகீழ். அப்போது குரூப் குளிர்ந்து கிடக்கும், சரியாகச் சூடேற்றாவிட்டால் காபி புளிக்கும். மெஷின் சூடேறும்போது பாய்லரில் அடைபட்ட காற்றும் சேர்ந்து கேஜைத் தள்ளுவதால், முதலில் காட்டும் அழுத்தம் பொய். ஸ்டீம் வால்வைத் திறந்து, காற்றும் ஈரமும் போய் உலர்ந்த நீராவி வரும்வரை விட்டு, மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு அடியில் ஒரு கப்பை வைத்து லீவரைப் பாதி தூக்கினால் குரூப்புக்குள் சூடு போகும். பட்டை 80ஐத் தொட்டதும் நிறுத்திவிடுகிறேன்.

பால் காபி கேட்பவர்கள் இருந்தால் எல்லா ஷாட்டையும் முதலில் எடுத்துவிட்டு, பாலைக் கடைசியில் நுரைக்கிறேன். நடுவில் பாலுக்காக நின்றால் அந்த நேரமெல்லாம் குரூப் ஏறிக்கொண்டே இருக்கும்.

அடுத்து பாய்லருக்கும் குரூப்புக்கும் நடுவே டெஃப்லான் கேஸ்கட் போடப் போகிறேன். பாய்லரிலிருந்து சும்மா ஏறும் சூட்டை அது குறைக்கும். ஷாட் தண்ணீர் கொண்டுவரும் சூட்டை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே போர்ட்டாஃபில்டரை முக்குவதை விடப்போவதில்லை, ஆனால் ஷாட்டுக்கு நடுவே அவசரம் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். போல்ட்டுகளைக் கழற்றுவதற்கு முன் மெஷின் முழுக்க ஆறி, அழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும். அதனால் முதல் நாள் இரவே பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மறுநாள் காலையில் கை வைப்பதாக இருக்கிறேன்.