‘கொடுப்பனவு’ என்று எழுதிய வவுச்சரும் என் ஆறு வருடமும்

போன கிழமை தொழில் அலுவலகத்தில் என் ஊழியர் சேமலாப நிதி (EPF) கணக்கின் மீதித் தாளை வாங்கினேன். முதல் தடவையாக அதில் என் பெயருக்கு நேரே ஒரு தொகை இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளைப் பல தடவை பிரித்துப் பார்த்துவிட்டேன். இந்த ஒரு தாளுக்காக ஒன்றரை வருடம் அலைந்தேன். என்னைப் போல மாதாமாதம் வவுச்சரில் கையெழுத்துப் போட்டு வேலை செய்கிற பிள்ளைகள் இலங்கை மலையகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2017 மார்ச்சிலிருந்து 2023 பெப்ரவரி வரை ஒரு சமூக உளநலத் தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவை பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள் எனக்கு. கிளினிக்குக்கு வராமல் நின்றுவிட்டவர்களைத் தேடிப் போவது, மாத ஊசி தவறாமல் பார்ப்பது, வீட்டாருடன் பேசுவது. ஒரு தாய் தன் மகனைக் கிளினிக்குக் கூட்டிப் போனால் அன்றைக்கு அவளுக்குப் பேர் விழாது, அந்த நாள் சம்பளம் போய்விடும். அதனால் நாங்கள் கூட்டிப் போவோம். அந்த வேலையை நான் இன்றைக்கும் நேசிக்கிறேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில். தோட்டத்தின் மேட்டுப் பிரிவுகளான மேல் டிவிசன்களுக்கு ஆட்டோக் காசு கிடையாது, பஸ் டிக்கட் காட்டினால்தான் காசு. தோட்டத்துப் பக்கம் ஓடும் தனியார் பஸ்ஸில் யார் டிக்கட் கொடுக்கிறார்கள்? 2022இல் எண்ணெய் இல்லாமல் பஸ் நின்றபோது, மாத்திரையும் தட்டுப்பாடாக இருந்த அந்தக் காலத்தில், மழையில் அட்டைக் கடியோடு நடந்தே போனோம். போன் இரவு பகலாகத் திறந்திருக்க வேண்டும். நான் ஒன்றரை வருடம் பார்த்துவந்த ஒரு தங்கையை நாங்கள் இழந்தோம். அடக்கம் முடிந்து வந்த மறுநாள் காலையில் மாத அறிக்கை எங்கே என்று கேட்டார்கள். ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றிரவு தேசிய உளநல உதவி எண் 1926க்கு நானே எடுத்துப் பேசினேன். மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த எண் அது.

நியமனக் கடிதம் இல்லை. மாதக் கடைசியில் ஒரு வவுச்சர் வரும். ‘தொண்டர் கொடுப்பனவு’ என்று மேலே எழுதி, முத்திரை ஒட்டி, அதன்மேல் கையெழுத்து வாங்குவார்கள். தொடங்கும்போது 15,000 ரூபாய், விடும்போது 30,000. சேமலாப நிதி பற்றிக் கேட்டால், ‘இது தொண்டு, பிள்ளை’ என்பார்கள். நானும் அதை நம்பினேன்.

வேலையை விட்டு ஏழு மாதம் கழித்துத்தான் ஒரு சட்டத்தரணி அக்காவிடம் பேச வாய்த்தது. அவர் முதலில் கேட்டது, எத்தனை பேர் வேலை செய்தீர்கள் என்று. நான் விரல் விட்டு எண்ணிப் பதினான்கு என்றேன். அந்த எண்ணிக்கையில்தான் எல்லாமே இருந்தது. பத்துப் பேருக்குக் குறைவாக இருக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்குச் சேமலாப நிதியிலிருந்து விலக்கு உண்டு. நாங்கள் பதினான்கு, ஆகவே விலக்கு இல்லை. தொழில் தருநர் 12 வீதமும் நம் சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) இன்னொரு 3 வீதம், அது முழுவதும் அவர்கள் பொறுப்பு. நம் 8 வீதத்தை அந்தந்த மாதம் பிடிக்காமல் விட்டிருந்தால், பிறகு அதை நம்மிடம் கேட்க முடியாது, அதையும் அவர்களே கட்ட வேண்டும். இது எனக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் வேலை விடும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கு வேறு சட்டம், அதற்குப் பதினைந்து பேர் வேண்டும். பதினைந்தாவதாக ஒரு டிரைவர் இருந்தார், நான் விடுவதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டார். அப்படிக் குறைவாக இருந்தாலும் தொழில் நியாய சபையில் பணிக்கொடை கேட்கலாமாம். ஆனால் வேலை விட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். நான் போய் நின்றது ஏழு மாதம் கழித்து. ஆறு வருடத்துக்கு, வருடத்துக்கு அரைமாதச் சம்பளம் என்று பார்த்தால் 90,000 ரூபாய். ஒரு மாதம் பிந்தியதால் போனது. இன்னமும் வயிறு எரிகிறது. தயவுசெய்து இந்த 6 மாதத்தை மறக்காதீர்கள்.

சரி, சேமலாப நிதிக்காவது முறைப்பாடு கொடுப்போம் என்று போனேன். முதல் நாள் சம்பந்தப்பட்ட அதிகாரி வெளிக்களத்துக்குப் போய்விட்டார். இரண்டாம் நாள் அவர் இருந்தார், ஆனால் படிவம் சிங்களத்தில் மட்டும்தான் இருந்தது. தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது, வரும் என்றார் லிகிதர். எப்போது வரும் என்று கேட்டதற்குத் தலையை நிமிர்த்தவே இல்லை. பிறகு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கத் தயங்கினார். நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் வாங்கினார். உங்கள் பிரதியில் ‘பெற்றுக்கொண்டோம்’ முத்திரையும் தேதியும் வாங்காமல் எந்த அலுவலகத்தை விட்டும் வெளியே வராதீர்கள். அந்த முத்திரைதான் பிறகு என்னைக் காப்பாற்றியது, ஏனென்றால் இரண்டு மாதத்தில் என் பைல் காணாமல் போயிற்று.

அப்புறம் பெயர்ப் பிரச்சினை. வவுச்சரில் என் வீட்டுப் பெயர், அடையாள அட்டையில் முழுப்பெயர், வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் பழக்கமான கதைதான், நீட்ட வேண்டாம்.

பெரிய கஷ்டம் என் டயரிகள்தான். நான் வேலை செய்த நாட்களுக்கு எழுத்தில் இருந்த ஆதாரம் அவை மட்டுமே. ஒவ்வொரு சனிக்கிழமையும் இணைப்பாளர் அந்தக் கிழமைப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போடுவார். ஆனால் அதே பக்கத்தில்தான் ஆட்களின் பெயர், எந்த ஊசி, வீட்டில் என்ன சண்டை, யார் யாரை அடித்தார் எல்லாம் இருக்கிறது. என்னை நம்பிச் சொன்னவை. என் காசுக்காக அதை ஓர் அலுவலக மேசையில் விரித்து வைக்க என்னால் முடியாது.

முதலில் கறுப்பு மார்க்கரால் அடித்துப் பார்த்தேன். போட்டோக் கொப்பியை வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரிந்தது. பழைய கலண்டர் தாளைக் கீலங்களாக வெட்டி, சோற்றுப் பசையால் ஒவ்வொரு பெயர்மீதும் ஒட்டினேன். பிறகு யோசித்தேன், டிவிசன் பெயரும் தேதியும் சேர்ந்து இருந்தாலே எங்கள் பக்கத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதையும் ஒட்டினேன். மிச்சம் இருந்தது தேதி, போன நேரம், வந்த நேரம், பஸ் காசு, அடியில் கையெழுத்து. மாதத்துக்கு ஒரு பக்கம், 72 பக்கம். இரவுகளில் அம்மா லாம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் அவரை உதவிக்கு வைத்துக்கொண்டேன்.

லிகிதர் அந்தக் கட்டைப் புரட்டிவிட்டு, எல்லாம் வெறும் வெள்ளையாக இருக்கிறதே, அசல் புத்தகம் வேண்டும் என்றார். தர முடியாது என்றேன். அப்படியானால் இது ஆதாரமே இல்லை என்றார். அன்று பஸ்ஸில் அழுதேன். அடுத்த கிழமை கிளினிக்கின் உளநல வைத்திய அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நான் கிளினிக் நாட்களில் வந்துபோனதை, ஒரு நோயாளியின் பெயரும் இல்லாமல், ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். அவர் தந்த கடிதத்தின் தேதிகளும் என் டயரியின் தேதிகளும் ஒத்துப்போயின. உளநலத் துறையில் இருக்கிறவர்கள் இப்போதே தனியாக ஒரு கொப்பி வையுங்கள். ஆட்களைப் பற்றி ஒரு சொல்லும் அதில் வேண்டாம். நாள், நேரம், தூரம், மேலதிகாரியின் கையெழுத்து மட்டும் போதும்.

முதல் விசாரணையை நானே தவறவிட்டேன். கடிதம் தோட்டத்து ஓபிசுக்கு வந்து நாலு நாள் அங்கேயே கிடந்திருக்கிறது. லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால் வருகிற கதி இது. அதற்குப் பிறகு டவுனில் ஒரு கடை அண்ணனின் முகவரியைக் கொடுத்தேன், ஒரு கடிதமும் தவறவில்லை. இரண்டாவது விசாரணைக்கு எங்கள் நிறுவனப் பணிப்பாளர் வரவில்லை.

மூன்றாவதற்கு வந்தார். எங்களிடம் ஊழியர் ஒன்பது பேர்தான், மிச்சப் பேர் தொண்டர்கள் என்று ஒரு பட்டியலை நீட்டினார். ஒன்பது. பத்துக்கு ஒன்று குறைவு. எனக்குக் கை நடுங்கியது. அதிகாரி சிங்களவர், வயதானவர், பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு என்னிடம் மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். சிங்களத்தில்தான் கேட்டார், எனக்கு விளங்கியது.

“உங்களுக்கு லீவு வேண்டுமானால் என்ன செய்வீர்கள்?”

என் பைலில் நான்கு லீவுக் கடிதம் இருந்தது. அதில் ஒன்று, தம்பியின் கல்யாணத்துக்கு மூன்று நாள் கேட்டது. ‘இரண்டு நாள் மட்டும் அனுமதி’ என்று சிவப்பு மையில் எழுதிப் பணிப்பாளர் கையெழுத்திட்டிருந்தார். அதை எடுத்து மேசையில் வைத்தேன். கூடவே ஓபிஸ் சுவரில் ஒட்டியிருந்த பணி அட்டவணையின் போட்டோவையும் போனில் காட்டினேன். பதினான்கு பெயர், பதினான்கு பதவி. அதிகாரி சிவப்பு மையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு பணிப்பாளரைப் பார்த்து, தொண்டருக்கு நீங்கள் எப்படி லீவைக் குறைத்தீர்கள் என்று கேட்டார். அறையில் யாரும் பேசவில்லை.

அதற்குப் பிறகு கணக்குப் பார்ப்பதுதான். சேமலாப நிதி மட்டும் 345,000 ரூபாய்க்கு மேல் வந்தது. ஒரு வருடத்துக்கு மேல் பிந்தியதற்கு 50 வீத மிகைக்கட்டணம் வேறு. கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் போகும் என்றதும் தவணைக்கு ஒப்புக்கொண்டார்கள். மூன்று தவணை கட்டியாயிற்று, இன்னும் இரண்டு இருக்கிறது. நம்பிக்கை நிதியத்துக்குத் தனியாக எழுதினேன், அது நடந்துகொண்டிருக்கிறது.

என்னோடு வேலை செய்தவர்களில் நாலு பேர் இப்போது முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். ஓர் அக்கா, எட்டு வருடம் அதே வேலையில் இருந்தவர், விட்டு நாலரை மாதம் ஆகிறது. பணிக்கொடைக்கு அவருக்கு இன்னும் ஒன்றரை மாதம் மிச்சம் இருக்கிறது. லீவுக் கடிதம் ஒன்றையும் வைக்கவில்லை என்று பயந்துபோய் இருந்தார். நேற்று அவர் வீட்டுக்குப் போய் இரண்டு பேருமாகப் பெட்டியைக் கிளறினோம். பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு நடுவில் ஒன்று கிடைத்தது, அதே சிவப்பு மை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறோம்.