விண்டர் டயர்: பனி விழும் முன் பார்த்து வாங்க வேண்டியவை

அக்டோபரில் டொராண்டோ வட்டாரத்து டயர் கடைகளில் கேட்ட நாளில் நேரம் கிடைக்கும். முதல் பனி விழுந்த மறுநாள் போன் செய்தால், இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்பார்கள். அதற்குள் அதிகம் ஓடும் அளவுகள் விற்றுத் தீர்ந்திருக்கும், மிஞ்சியதைத்தான் மாட்டிக்கொண்டு வர வேண்டும். அதனால் வானத்தைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகத் தொடங்கினால் டயரை மாற்றிவிடலாம். தரை உலர்ந்து கிடந்தாலும் சரி.

இந்த 7 டிகிரிக் கணக்கு பனியைப் பொறுத்தது இல்லை, ரப்பரைப் பொறுத்தது. ஆல் சீசன் டயரின் ரப்பர் கோடை வெயிலில் இளகிவிடாதபடி கலக்கப்பட்டது. குளிரக் குளிர அது இறுகும். இறுகிய ரப்பரால் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அழுந்திப் பிடிக்க முடியாது. விண்டர் டயரின் கலவை வேறு: சிலிக்கா கூடுதல், கடுங்குளிரிலும் நெகிழ்ந்து கொடுக்கும். 7 டிகிரியில் சட்டென்று எதுவும் மாறிவிடுவதில்லை. அந்த அளவிலிருந்து இரண்டு டயருக்கும் உள்ள வித்தியாசம் விரியத் தொடங்குகிறது, மைனஸ் 15இல் நன்றாகவே தெரியும்.

அடுத்தது பட்டனின் அமைப்பு. பட்டன் என்பது டயர் தரையில் படும் பகுதியில் உள்ள கட்டிகளும் பள்ளங்களும். விண்டர் டயரின் பட்டன் கட்டி ஒவ்வொன்றிலும் நெளிநெளியாக மெல்லிய வெட்டுகள் இருக்கும், இவற்றை சைப் என்பார்கள். டயர் தரையில் பதியும்போது இந்த வெட்டுகள் லேசாகத் திறந்து, அவற்றின் விளிம்புகள் பனிக்கட்டியைச் சுரண்டிப் பிடிக்கும். அகலமான பள்ளங்களின் வேலை பனியை அள்ளி இறுக்கி வைத்துக்கொள்வது. பனியோடு பனி நன்றாக ஒட்டும் என்பதால் பள்ளத்தில் சிக்கிய பனியே பிடிமானம் தரும். பட்டன் தேய்ந்தால் இந்தப் பள்ளம் ஆழம் குறைந்து பனியைப் பிடித்து வைக்க முடியாமல் போகிறது. கோடையில் இன்னும் ஒரு வருடம் ஓடக்கூடிய டயர், பனிக்காலத்துக்கு ஆகாது என்று சொல்வதன் காரணம் இதுதான்.

மைனஸ் 20ஐவிட பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான் பனிக்கட்டி அதிகம் வழுக்கும். டயர் அழுத்தும் இடத்தில் மெல்லிய நீர்ப்படலம் படர்வதே காரணம். நவம்பர் கடைசியிலும் மார்ச்சிலும், பகலில் உருகி இரவில் உறையும் நாட்களில், மேம்பாலங்களின் மேல் கூடுதல் கவனம் வேண்டும்.

கடையில் டயரைப் புரட்டிப் பார்க்கும்போது பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதனுள் ஒரு பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அந்தச் சின்னம் இருந்தால், பனியில் இழுவைச் சோதனை நடத்தி, சோதனைக்கென வைத்த ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல் இழுவை காட்டியிருக்கிறது என்று பொருள். எம்+எஸ் (சேறும் பனியும்) என்று மட்டும் இருந்தால் அது பட்டனின் வடிவத்தைப் பற்றிய குறிப்புதான், சோதனை எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஆல் சீசன் டயர்களில் எம்+எஸ் இருக்கிறது. அதைக் காட்டி விண்டர் டயர் என்று விற்றால் வாங்காதீர்கள்.

மலைச்சின்னத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அந்தச் சோதனை இறுகிய பனியில் முன்னோக்கி இழுக்கும் திறனை அளப்பது. பனிக்கட்டியில் பிரேக் பிடித்தால் எத்தனை அடியில் நிற்கும் என்பது அதில் வராது. ஆல் வெதர் என்று விற்கும், வருடம் முழுக்க மாட்டிக்கொள்ளும் டயர்களிலும் இதே சின்னம் இருக்கும். வான்கூவர் சமவெளியில் இருப்பவருக்கும், டொராண்டோவுக்குள் வாரம் இரண்டு முறை கடைக்குப் போய்வருபவருக்கும் ஆல் வெதர் போதும் என்பேன். விடிகாலை ஷிஃப்டுக்கு 401 நெடுஞ்சாலையில் ஏறுபவர், ஜார்ஜியன் விரிகுடாவிலிருந்து பனி கொட்டும் பாரி நகரப் பக்கம் போகிறவர், மொன்றியாலில் குடியிருப்பவர் ஆகியோருக்கு முழு விண்டர் டயரே சரி.

‘என் வண்டி ஆல் வீல் டிரைவ், எனக்கு எதற்கு?’ என்ற கேள்வி ஒவ்வொரு வருடமும் வரும். நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போவது வண்டியைக் கிளப்பத்தான் உதவும். பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும் உண்டு, வண்டி நிற்பது டயரின் பிடிமானத்தால் மட்டுமே. ஆல் வீல் டிரைவ் வண்டி சிரமமில்லாமல் கிளம்பிவிடுவதால் சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போகிறது. சிக்னலில் நிறுத்தும்போதுதான் தெரியவரும்.

இரண்டு டயர் மட்டும் வாங்கி முன்னால் மாட்டிக்கொள்வது நாலும் மாட்டாமல் விடுவதைவிட ஆபத்து. முன் சக்கரம் சாலையைப் பிடிக்கும், பின்சக்கரத்துக்குப் பிடிமானம் இருக்காது. வளைவில் பிரேக் தொட்டால் பின்பக்கம் வழுக்கி முன்னால் வந்துவிடும். நான்கும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே அளவு தேய்மானம் என்று இருக்கட்டும். ஆல் வீல் டிரைவில் நான்கின் சுற்றளவும் வேறுபட்டால், சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகங்கள் ஓயாமல் உழைத்துச் சூடாகிக் கெட்டுப்போகும்.

ஒன்டாரியோவில் விண்டர் டயர் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல், அதை மாட்டியவர்களுக்கு வாகனக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும். கேட்காமல் கிடைக்காது, ரசீதை வைத்துக்கொண்டு போன் செய்யுங்கள். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச்சின்ன டயர் கட்டாயம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பலகை வைத்த மலைச்சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை எம்+எஸ் அல்லது மலைச்சின்ன டயர் வேண்டும், பட்டன் ஆழம் 3.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஆணி பதித்த டயர் தென் ஒன்டாரியோவில் அனுமதி இல்லை, வடக்கே உள்ளவர்களுக்கு உண்டு.

அளவும் ரிம்மும்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயரின் அளவு, காற்றழுத்தம் எல்லாம் அதில்தான். 225/65 ஆர் 17 102 டி என்பதில் 225 டயரின் அகலம் மி.மீ.இல், 65 பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தின் சதவீதமாக, 17 ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 102 என்றால் ஒரு டயர் 850 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. விண்டர் டயரில் வேகக் குறியீடு ஒன்றிரண்டு படி குறைந்திருந்தால் பாதகமில்லை. எடைக் குறியீடு மட்டும் ஸ்டிக்கரில் உள்ளதைவிட ஒரு எண்கூடக் குறையக் கூடாது.

பெரிய ரிம்மோடு வந்த காருக்கு, பனிக்காலத்தில் சிறிய ரிம்மும் ஒடுங்கிய டயரும் நல்லது. ஒடுங்கிய டயர் பனியைக் கீறி அடியிலுள்ள தரையைத் தொடும், அகலமானது மேலே மிதக்கப் பார்க்கும். விலையும் குறைவு, குழியில் விழுந்தால் ரிம் நெளிவதும் குறைவு. ஹோண்டா சிவிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 235/40 ஆர் 18 டயரின் மொத்த விட்டம் சுமார் 645 மி.மீ. 215/55 ஆர் 16 டயருக்கு 643 மி.மீ. ஸ்பீடோமீட்டர் மாறாது, டயர் கணிசமாக ஒடுங்கிவிடும். ஆனால் ரிம்முக்கு உள்ளே இருக்கும் பிரேக் கேலிப்பர் இடிக்காத அளவுக்குத்தான் ரிம்மைச் சிறிதாக்க முடியும். அதே மாடலின் அடிப்படை ரகத்தில் நிறுவனமே கொடுக்கும் ரிம் அளவைக் கேட்டுவிட்டு, உங்கள் ரகத்தின் பிரேக்குக்கும் அது பொருந்துமா என்று உறுதிப்படுத்திக்கொண்டு வாங்குங்கள்.

விண்டர் டயருக்குத் தனி ரிம் வாங்கிவிடுவதுதான் என் சிபாரிசு. ஒரே ரிம்மில் வருடம் இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் கூலி, டயரின் விளிம்புக்கும் சேதம். தனி ரிம் வாங்கினால் அந்தச் செலவு சில வருடங்களில் திரும்பிவிடும், மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். இரும்பு ரிம் போதும். உப்பில் துருப்பிடித்தாலும் கவலையில்லை.

ரிம்மில் தவறு நடக்கும் இடம் நட்டு. ஹோண்டாவின் சொந்த ரிம்மில் நட்டு உட்காரும் குழி பந்து வடிவம், வெளியில் வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் கூம்பு வடிவம். பழைய நட்டையே போட்டு முடுக்கினால் இறுகியதுபோல் தெரியும், ஆனால் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், ஓட ஓடத் தளரும். டொயோட்டாவின் அலாய் ரிம்மோடு வரும் வாஷர் வைத்த நட்டும் கூம்புக் குழிக்குச் சேராது. ரிம் வாங்கும்போதே அதற்குரிய நட்டையும் சேர்த்து வாங்குங்கள். ரிம்மின் நடுத்துளை, சக்கரம் உட்காரும் அச்சு முனையான ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்கும் வளையம் தேவை. இல்லையென்றால் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும்.

மாட்டும்போது ஹப்பின் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். துரு இடையில் இருந்தால் ரிம் முழுதாக உட்காராது. போல்ட் மரையில் எண்ணெய் தடவாதீர்கள், அதே முடுக்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். நட்சத்திர வரிசையில், எதிரெதிர் நட்டாக, முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரென்ச்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். சிவிக்குக்கு அது 108 நியூட்டன் மீட்டர். 80 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும். டயரில் சுழலும் திசை அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கி இருக்கிறதா என்று வண்டியைச் சுற்றி நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தம் சுமார் 5, 6 டிகிரி குளிருக்கு 1 பி.எஸ்.ஐ. இறங்கும். 20 டிகிரி கராஜில் 35 வைத்த டயர், மைனஸ் 10இல் வெளியே நின்றால் 30க்கு வந்துவிடும். மாதம் ஒருமுறை, வண்டி இரவெல்லாம் வெளியில் நின்ற காலையில் அளந்து நிரப்புங்கள்.

பிக்கப்பும் பெரிய டிரக்கும்

பிக்கப்பில் எல்.டி. (லைட் டிரக்) என்று தொடங்கும் டயரா, பயணிகள் கார் வகையா என்று பார்க்க வேண்டும். கனமான சரக்கோ டிரெய்லரோ இழுப்பவருக்கு எல்.டி. தேவை. அதில் சி, டி, இ என்ற வகைகளின் உச்ச அழுத்தம் பொதுவாக 50, 65, 80 பி.எஸ்.ஐ. வண்டியோடு இ வகை வந்திருந்தால் விண்டர் டயரும் இ வகையாகவே இருக்கட்டும். கார் வகை டயரைப் பிக்கப்பில் மாட்டினால் அதன் எடைத்திறனை 1.1ஆல் வகுத்துக் கணக்கிட வேண்டும். எஞ்சின் சக்தி பின் சக்கரத்துக்கு மட்டும் போகும் பிக்கப் காலியாக இருந்தால் பின்பக்கம் லேசாகிச் சறுக்கும். பின் அச்சுக்கு நேர் மேலே மணல் மூட்டைகளை வைத்து, நகராதபடி கட்டுங்கள். அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் முன்பக்கம் தூக்கி ஸ்டீயரிங் பிடி குறையும்.

நெடுந்தூர டிரக்கில் முக்கியம் எஞ்சின் சக்தி போகும் டிரைவ் அச்சு. தோள், அதாவது பட்டனின் ஓரம், மூடிய பட்டன் நெடுஞ்சாலையில் சீராகத் தேயும், டீசலும் மிச்சம். தோள் திறந்த பட்டன்தான் பனியைத் தோண்டிப் பிடிக்கும். சுப்பீரியர் ஏரிக் கரையோரம் குளிர்காலத்தில் ஓடும் வண்டிக்குத் திறந்த தோளும் மலைச்சின்னமும் உள்ளதையே எடுங்கள். பாதிக்கு மேல் தேய்ந்த டிரைவ் டயரைக் குளிர்காலத்துக்கு விட வேண்டாம். இரட்டைச் சக்கரத்தில் ஒன்று தேய்ந்தும் மற்றது புதிதாகவும் இருந்தால் பெரியது சுமையைத் தாங்கும், சின்னது இழுபட்டே தேயும். ஒன்டாரியோவில் முன் அச்சில் 3 மி.மீ. பட்டன் சட்டப்படி வேண்டும், பிரிட்டிஷ் கொலம்பியா மலைச்சாலைகளில் 11,794 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி சங்கிலி எடுத்துச் செல்ல வேண்டும். ஒன்டாரியோவில் வணிக வண்டியின் சக்கரம் ஓடும்போது கழன்றால் 2,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம், கவனமாகத்தான் இருந்தோம் என்ற வாதம் எடுபடாது. நட்டை முடுக்கியதும் மறுபடி சரிபார்த்ததும் தேதியோடு எழுதி வைப்பது எப்போதும் நல்லது.

பழைய டயர் வாங்குகிறவர்கள் டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. முழு எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும், தெரியவில்லையென்றால் மறுபக்கம் குனிந்து பாருங்கள். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், விட்டுவிடுங்கள். ஆழம் பார்க்க ஒரு 25 சென்ட் நாணயம் போதும்: கரிபூ மான் தலைகீழாக இருக்கும்படி பள்ளத்தில் செருகுங்கள். மூக்கு நுனி வெளியே தெரிந்தால் ஏறத்தாழ 4.8 மி.மீ.க்குக் கீழே போய்விட்டது, இன்னொரு குளிர்காலத்துக்கு அது தாங்காது.

ஏப்ரலில் காலை வெப்பநிலை 7ஐத் தாண்டி நிலைத்ததும் கழற்றிவிடுங்கள். சூடான சாலையில் இந்த ரப்பர் வேகமாகத் தேயும், பிரேக் தூரமும் கூடும். உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் ஓடியது என்று சாக்பீஸால் எழுதி, காற்றுப்புகாத பையில் இருட்டான இடத்தில் வையுங்கள். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். ரிம் இல்லாத டயரை நிற்க வைக்க வேண்டும். ஹீட்டர், கம்ப்ரஸர் போன்ற மின்மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், அவற்றிலிருந்து வரும் ஓசோன் ரப்பரில் வெடிப்பை உண்டாக்கும்.