அப்பிளுக்கு வளைவு, மாமரத்துக்கு நுனி

இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் அப்பிள் தோட்டமொன்றில் வேலை செய்யும் என் மைத்துனர் அனுப்பிய படங்களைப் பார்த்தபோது, அவற்றை மரங்கள் என்று சொல்லவே மனம் வரவில்லை. பயற்றங்கொடிக்குத் தடி நட்டதுபோல, ஒல்லியாக, கம்பியில் சாய்ந்தபடி அவை வரிசையாக நின்றன.

நூற்கும் கதிரின் வடிவில் மரத்தை ஒடுக்கி வளர்க்கும் அந்த முறையில், 3 அடிக்கு ஒரு மரமும் 12 அடிக்கு ஒரு வரிசையுமாக வைத்தால் ஏக்கருக்கு 1,210 மரங்கள் நிற்கும். நாங்கள் 30 அடிக்கு ஒரு மாமரம் நட்டால் அதே ஏக்கரில் 48 மட்டுமே கொள்ளும். எண்ணிக்கையில்தான் விளைச்சல் இருக்கிறது என்று முதலில் நானும் மயங்கினேன். உண்மையில் அங்கே வேலை செய்வது வெளிச்சம். பெரிய மரத்தின் உட்பகுதியில் வெளிச்சம் முழு வெயிலின் மூன்றிலொரு பங்குக்கும் கீழே குறையும்போது பூமொட்டு நலிந்து, பழமும் நிறம் பிடிக்காமல் போகிறது. ஒடுங்கிய மரத்திலோ இருண்ட உட்பகுதி என்று ஒன்று இல்லை. கிளையைக் கிடைமட்டத்துக்குக் கீழே வளைத்துக் கட்டும்போது அது ஓங்கி வளரும் வேகம் தணிந்து, அதன் நீளமெங்கும் பூமொட்டு உருவாகிறது. இத்தனைக்கும் அடிப்படை, அதே கென்ற்றிலுள்ள ஈஸ்ட் மோலிங் ஆய்வு நிலையத்திலிருந்து பரவிய எம் 9 என்ற குட்டை வேர்க்கன்று, அதாவது அப்பிளை ஒட்டுக்கட்டும் அடிக்கன்று. அதன் வேர் பலமற்றது என்பதால்தான் கம்பமும் கம்பியும் தேவைப்படுகின்றன.

ஆஸ்திரேலியாவின் டட்டூராவில் உருவான வி வடிவ முறை இன்னும் கூடுதலாக வெளிச்சத்தைப் பிடிக்கும், செலவும் அவ்வாறே. வன்னியிலுள்ள எங்கள் ஒட்டுசுட்டானில் அவ்வளவு கம்பி இழுத்தால், குரங்குகளுக்கு ஊஞ்சல் கட்டிக்கொடுத்ததாகவே முடியும்.

குளிரில்லாத வன்னியில் அப்பிள் காய்க்காது என்பது தெரிந்ததே. ஆனாலும் அந்த வளைப்பை என் அரை ஏக்கர் கறுத்தக்கொழும்பான் மாமரங்களில் இரண்டு ஆண்டுகள் செய்து பார்த்தேன். இலைதான் மண்டியது. அப்பிள் கிளையின் நெடுகிலும் உள்ள குறுந்தளிர்களில் பூக்கும். மாவோ முற்றிய தளிரின் நுனியில்தான் பூக்கும். ஆகவே மாவுக்கு வேண்டியது வளைவு அல்ல, நுனிகளின் பெருக்கம். மாவில் எம் 9 போன்ற குட்டை வேர்க்கன்றும் எங்கள் கையில் இல்லை.

அதனால் புதிய கன்றுகளை 15 அடிக்கு ஒன்றாக வைத்து, இரண்டரை அடி உயரத்தில் தலையை வெட்டி, நாலா பக்கமும் மூன்று நான்கு கிளைகளை மட்டும் விட்டு, நடுவைக் கிண்ணம்போலத் திறந்து வைத்தேன். அப்பிள் தோட்டக்காரர்கள் கைவிட்ட பழைய முறை இது. எங்களுக்கு இதுவே பொருந்துகிறது என்பது என் கணிப்பு. கவ்வாத்தை ஆடியில் அறுவடை முடிந்த கையோடு செய்துவிட வேண்டும். மாரி தொடங்கிய பிறகு வெட்டிய மூன்று மரங்கள், தையில் பூக்காமல் தளிர்த்து நின்றன.

வளைத்த கிளையில் துளிர்க்கும் புதுத்தளிரிலேயே கொய்யா பூப்பதால் அங்கே வளைப்பு பலிக்கிறது. இரண்டு வரிசைகளை முளையடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். கயிறு பட்டையை அறுக்குமுன் மாதமொரு முறை அவிழ்த்துக் கட்டுவதுதான் இப்போதைக்குப் பெரிய வேலை.