அம்மா ரயிலில் போன தரங்கம்பாடி

அம்மாவிடம் தரங்கம்பாடி என்று சொன்னால் கோட்டையைப் பற்றிப் பேச மாட்டாள். ரயிலைப் பற்றித்தான் பேசுவாள். மாயவரத்தில் கிளம்பி செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நின்று நின்று போகும் மீட்டர் கேஜ் ரயில். 1926-இல் ஓடத் தொடங்கி, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஊர் செம்பனார்கோயில். சின்னப் பெண்ணாக இருந்தபோது தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு அந்த ரயிலில் ஏறி, கடைசி ஸ்டேஷனில் இறங்கி, கோட்டை வாசல் வழியாக நடந்து போய்க் கடல் பார்த்ததை அம்மா இன்றைக்கும் நேற்று நடந்தது போலச் சொல்வாள். பொறையார் தாண்டியதுமே ஜன்னலில் உப்புக்காற்று அடிக்குமாம்.

நான் சென்னைக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் தரங்கம்பாடிக்கு ஒரு நடை போய்விடுவேன். ஆனால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் ரொம்ப நாளாகிவிட்டது. அவளுக்கு முட்டி வலி. போன மார்கழியில், "தம்பி, ஒரு தடவை அந்த வாசலைப் பாத்துட்டு வந்துடலாமா" என்று அவளே கேட்டாள். ஒரு புதன்கிழமை காலையில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்பினோம்.

அவள் சொன்ன வாசல், ஊருக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற வெள்ளை வாசல். டென்மார்க்கிலிருந்து வந்து இந்த ஊரை வைத்திருந்த டேனிஷ்காரர்கள் 1792-இல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கி ஓடுகிறது. இரண்டு பக்கமும் உயரமான பழைய வீடுகள், தூண் வைத்த முகப்புகள், பள்ளிக்கூடம், தேவாலயங்கள். வாசலுக்குள் கால் வைத்ததும் பேருந்து இரைச்சல் பின்னால் போய்விடும். நான் எத்தனையோ கடற்கரை ஊர்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு வாசலைத் தாண்டியதும் குரலே தணிந்துபோகும் ஊர் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அம்மா வாசலுக்கு அடியில் கொஞ்ச நேரம் நின்றாள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "அப்ப இன்னும் பெருசா இருந்துச்சு" என்றாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

தரங்கம் என்றால் அலை. அலை பாடும் ஊர், அதனால் தரங்கம்பாடி என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலோரத்தில் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. குலசேகரன்பட்டினம் என்ற பெயரும் அதில் உண்டு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது, 1306-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்படியானால் டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னாலேயே இது பட்டினம்தான். தரங்கம்பாடியின் வரலாறு 1620-இல் தொடங்குகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் ஒப்பவே ஒப்பாது. பழைய கோயிலின் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. கரையில் நின்று பார்த்தால் கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று அந்தக் கோயிலை வைத்துத்தான் கணக்குப் போட முடியும்.

1620-இல் நடந்தது இதுதான். டென்மார்க்கிலிருந்து 1618-இல் ஓவே கெட்டே என்ற இளைஞர் தலைமையில் கப்பல்கள் கிளம்பின. அவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர்கள் வந்தது இலங்கைக்காக. வழியிலேயே பாதிப் பேருக்கு மேல் செத்துப்போனார்கள், இலங்கையிலும் காரியம் கைகூடவில்லை. கடைசியில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் வந்து, தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொள்ளவும் மிளகு வணிகம் செய்யவும் ஒப்பந்தம் வாங்கினார்கள். நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஓலையில் தமிழில் கடிதம் எழுதி அனுப்பினார். கையெழுத்து மட்டும் தெலுங்கில். அந்த ஓலை இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

சரி, கோட்டைக்கு வருவோம். டான்ஸ்போர்க் என்று பெயர். கடலைப் பார்த்து, மணல் நிறத்தில், தாழ்வாக அகலமாக உட்கார்ந்திருக்கும். செஞ்சி, வேலூர் போல அண்ணாந்து பார்க்க வைக்கும் கோட்டை இல்லை. கீழ்த்தளத்தில் சாமான்கள் வைக்கும் அறைகள், மேலே ஆளுநரும் பாதிரியாரும் தங்கிய அறைகள். சுற்றுமதிலை ஒட்டி வீரர்கள் இருந்த இடம், சமையலறை, சிறை. சுதந்திரத்துக்குப் பிறகு 1978 வரை அரசாங்கப் பயணியர் மாளிகையாக இருந்து, அப்புறம்தான் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. இப்போது உள்ளே அருங்காட்சியகம். பீங்கான் பாத்திரங்கள், சீனத்துத் தேயிலை ஜாடிகள், கத்திகள், சின்னச் சின்னப் பீரங்கிக் குண்டுகள், ஒரு திமிங்கலத்தின் எலும்பு.

எனக்குப் பிடித்தது அந்தப் பொருட்கள் எதுவும் இல்லை, நடுக்கூடத்தின் கூரை. ஒட்டகத் திமில் போல நாலு வளைவாக எழும்பி இறங்கும். பாரம் முழுக்க நடுவில் நிற்கிற ஒரே தூணில் வந்து சேர்கிறது. அந்தத் தூணில் முதுகைச் சாய்த்து நின்றால் வெயில் நேரத்திலும் சுண்ணாம்பின் குளிர்ச்சி சட்டை வழியாக இறங்கும். அலைச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து, கூரை வளைவில் சுழன்று, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமல் கேட்கும். அம்மா அங்கேயே ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் நான் அவளுக்கு எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கேயின் கதையைச் சொன்னேன். தரங்கம்பாடிக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இந்தக் கதை தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

1640-களுக்குப் பிறகு டென்மார்க்கிலிருந்து கப்பல் வருவது நின்றுபோனது. அங்கே போர், பணத்தட்டுப்பாடு. இந்த வணிகத்தை நடத்திய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியையே 1650-இல் கலைத்துவிட்டார்கள். இங்கே கோட்டையில் இருந்தவர்களுக்குப் பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஒவ்வொருவராகச் செத்துப்போனார்கள். 1655-இல் தரங்கம்பாடியில் மிஞ்சிய டேனிஷ்காரர் ஒரே ஒருவர், கோங்ஸ்பாக்கே. பெரிய குடும்பத்துப் பிள்ளை இல்லை, சாதாரண ஆள், படிப்பறிவும் கிடையாது. அவர் நினைத்திருந்தால் கோட்டையை டச்சுக்காரர்களிடம் கொடுத்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, டேனிஷ் கொடியை இறக்காமல், தஞ்சாவூர்ப் படை வந்து முற்றுகையிட்டபோதெல்லாம் சமாளித்தார். வங்கக் கடலில் கப்பல்களைப் பிடித்துக் கிடைத்த பணத்தில்தான் படையை வைத்திருந்தார். அது கொள்ளைதான், அதை மறைத்துச் சொல்வதில் நியாயமில்லை. அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். நாயக்கரோடு சமாதானமும் பேசி முடித்தார். பதினாலு வருஷம். 1669-இல் ‘ஃபாரோ’ என்ற கப்பல் டென்மார்க்கிலிருந்து வந்து சேர்ந்தபோது கோட்டையில் கொடி பறந்துகொண்டிருந்தது. அவரையே ஆளுநராக்கினார்கள்.

கேட்டுவிட்டு அம்மா, "பதினாலு வருஷம் அந்தக் கடலையே பாத்துக்கிட்டு இருந்திருப்பாரு இல்ல?" என்றாள். நான் எத்தனையோ தடவை படித்த கதை. கப்பல் வருகிறதா என்று தினமும் காலையில் ஒருவர் இந்த மேல்தளத்தில் நின்று பார்த்திருப்பார் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

ராஜ வீதியில் திரும்பி நடந்தால் இரண்டு பழைய தேவாலயங்கள். 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயம் ஒன்று, 1718-இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் ஒன்று. இரண்டாவதைக் கட்டியவர் சீகன்பால்க், கிறிஸ்தவ மதத்தைப் பரப்ப வந்த ஜெர்மானியப் பாதிரியார். 1706 ஜூலையில் புளூட்சோ என்பவரோடு வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்துமூன்று வயது முடியும் நேரம். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அவர் செய்தது டேனிஷ் ஆளுநருக்குப் பிடிக்கவில்லை. 1708 கடைசியில் பிடித்துக் கோட்டையில் நாலு மாதம் அடைத்து வைத்தார்கள். இவரை அனுப்பியது டென்மார்க் அரசர், அடைத்ததும் டென்மார்க் கோட்டை.

அவருடைய அச்சுக்கூடம் வந்த கதையும் சுலபமானதில்லை. லண்டனிலிருந்து அச்சு இயந்திரம் அனுப்பினார்கள். கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் எழுத்து ரொம்பப் பெரிது, காகிதம் போதவில்லை. அதனால் பொறையாரிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், காகித ஆலையும் போட்டார்கள். பொறையார்ப் பக்கம் கடுதாசிப்பட்டறை என்றே ஓர் ஊர் இருக்கிறது. சின்ன வயதில் அந்தப் பெயர்ப் பலகையைப் பேருந்திலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், காரணம் தெரியாமல். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. சீகன்பால்க் தேவாலயத்தைக் கட்டி முடித்த நாலே மாதத்தில், 1719 பிப்ரவரியில் இறந்துபோனார். வயது முப்பத்தாறு. அந்தத் தேவாலயத்துக்குள்ளேயேதான் அடக்கம். முகப்பில் டென்மார்க் மன்னரின் கிரீட முத்திரையும் 1718 என்ற எண்ணும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயருக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் தஞ்சாவூர் கலெக்டர் இங்கிருந்து வேலை பார்த்தார். பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வணிகம் அந்தப் பக்கம் போய்விட்டது. அறுபது எழுபது வருஷம் கழித்து இங்கே ரயில் வந்தபோது ஊர் சிற்றூராகியிருந்தது. இந்த வீதிகளும் வீடுகளும் இடிபடாமல் மிஞ்சியதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். யாருக்கும் இங்கே புதிதாகக் கட்ட வேண்டிய தேவை வரவில்லை.

மத்தியானம் கோட்டைக்கு வடக்கே கரையில் உட்கார்ந்திருந்தோம். கருங்கல் போட்டு அலையைத் தடுத்திருக்கிறார்கள். அம்மா அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா ஒருத்தர் தரங்கம்பாடிக்காரர். காலைப் பேருந்தில் கூடையோடு வந்து இறங்குவார். அம்மாவை "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். காரப்பொடி மீன் இருந்தால் எங்கள் வீட்டுக்கென்று தனியாக எடுத்து வைத்திருப்பார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுனாமி தரங்கம்பாடி மீனவர் தெருக்களை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. எங்கள் வீட்டில் பல வாரம் மீனே வாங்கவில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை, கேட்கவும் பயம். ஒரு நாள் காலையில் வாசலில் குரல் கேட்டது. அம்மா ஓடிப்போய்ப் பார்த்தாள். பாதிக் கூடை மீனோடு அவர் நின்றிருந்தார். "படகு போச்சுக்கா, வலை போச்சு. அக்கம்பக்கத்து ஆளு தொழிலுக்குப் போறாங்க, அதான் வாங்கிட்டு வந்தேன்" என்றார். அம்மா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். இரண்டு பேரும் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் அன்றைக்கு வீட்டில் இருந்தேன்.

போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அருங்காட்சியகம் பூட்டியிருக்கும். மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்து அடிக்கடி கிடைக்கிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்துவிட்டு, நடுவில் அரை மணி நேரம் கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து அரை நாளாவது ஒதுக்குங்கள். விடியற்காலையில் வந்தால் சூரியன் நேராகக் கடலிலிருந்து எழும்பிக் கோட்டை முகத்தில் விழும். பிறகு வெயில் ஏறும் வரை ராஜ வீதியிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் நடந்து பாருங்கள். 1784-இல் கட்டிய ஆளுநர் மாளிகையைத் தவறவிடாதீர்கள். கடலில் இறங்காதீர்கள், இழுப்பு அதிகம்.

திரும்பும்போது அம்மா, ஸ்டேஷன் இருந்த பக்கம் போகலாம் என்றாள். தண்டவாளம் எதுவும் இல்லை என்று சொன்னேன். "தெரியும், சும்மா நிக்கலாம்" என்றாள். நின்றோம். தாத்தா அங்கேதான் அவளுக்குக் கடலை வாங்கிக் கொடுப்பாராம். கையில் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, ரயில் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது, அவசரப்படாமல் சாப்பிடு என்பாராம். பேருந்து வரும் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.